எஸ்11 அழகாக இருக்கிறது, வானம் மட்டும் வரவில்லை

ஜனவரி 9, காரைக்குடி வாசகரின் கேள்வி

ஐயா, கேபிள் டிவிக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட ஆறடி வலை டிஷ்ஷை வாங்கி மொட்டை மாடியில் நிறுத்தியிருக்கிறேன். டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஃபீடுக்குப் பால் பவுடர் டின். பால்வழியின் ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் வானொலி அலையைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. நானோவிஎன்ஏவில் (ஆண்டெனாவைச் சோதிக்கும் கையடக்கக் கருவி) அளந்தால் 1420-இல் எஸ்.டபிள்யூ.ஆர். (1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 1.3 காட்டுகிறது. ஆகவே ஆண்டெனாவில் குறை இல்லை. ஆனால் மூன்று இரவு கண்விழித்தும் ஒன்றும் வரவில்லை. எல்என்ஏ (நலிந்த சிக்னலைப் பெருக்கும் கருவி) போய்விட்டது என்று நினைக்கிறேன். புதிதாக எதை வாங்கலாம்?

ஜனவரி 9, இரவு 10.20

எதையும் வாங்காதீர்கள் தம்பி. எங்கே நின்று அளந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மாடியில், டின்னின் வாயருகேயா? கீழே அறையில், மேஜை மேலா?

மேஜைமேல் என்றால் ஒரு சின்ன வேலை. மாடிக்குப் போய் டின்னிலிருந்து கேபிளைக் கழற்றிக் காற்றில் தொங்கவிடுங்கள். கீழே வந்து மறுபடி அளந்து, கிடைத்த எண்ணை இங்கே எழுதுங்கள்.

ஜனவரி 10

எழுதிவிட்டார். ஆண்டெனாவே இல்லாமல் 1.4.

கேபிள் ஆர்ஜி-58, பத்து மீட்டர். அந்தக் கேபிள் 1420-இல் மீட்டருக்கு ஏறத்தாழ 0.8 டெசிபெல் தின்கிறது. போகும்போது 8, திரும்பும்போது 8. முனையில் ஒன்றுமே இல்லாமல் முழு அலையும் திரும்பினாலும் 16 டெசிபெல் தேய்ந்துதான் கருவிக்கு வந்து சேரும். 16 டெசிபெல் ரிட்டர்ன் லாஸ் (போன அலை எவ்வளவு தேய்ந்து திரும்பியது என்ற கணக்கு, கருவியின் மொழியில் எஸ்11) என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.38. நீங்கள் மூன்று நாளாக அளந்துகொண்டிருந்தது கேபிளின் பசியை.

இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எல்என்ஏவைக் கீழே, ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் வானொலிப் பெறுவான்) பக்கத்தில் வைத்திருப்பதாகப் பிறகுதான் சொல்கிறார். வானத்திலிருந்து வருவதே மிகச் சொற்பம். அதில் ஆறில் ஐந்து பங்கைக் கேபிளுக்குப் படைத்துவிட்டு, மிச்சத்தைப் பெருக்கி என்ன பயன்? எல்என்ஏ டின்னின் முதுகிலேயே, இணைப்பியோடு இணைப்பியாக உட்கார வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கேபிள் வந்தாலும் கவலையில்லை. நான் கேபிள் டிவிக்காரர்களின் ஆர்ஜி-6-ஐத்தான் இழுத்திருக்கிறேன். 75 ஓம் ஆயிற்றே, மற்றதெல்லாம் 50 ஓம் இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். எல்என்ஏவுக்குப் பின்னால் அது பெரிய விஷயமே இல்லை.

எச்சரிக்கை: அளக்கும்போது எல்என்ஏவைக் கழற்றிவிட்டு அளக்கவும். பயாஸ் டீயிலிருந்து (எல்என்ஏவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் இணைப்பு) அதே கேபிளில் 5 வோல்ட் ஏறி வரும். அது விஎன்ஏவின் வாசலில் நுழைந்தால் ஆறாயிரம் ரூபாய்க்குக் கற்பூரம் காட்டிவிடலாம்.

ஜனவரி 11, காலை

கருவியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் டின்னிலேயே வைத்து அளந்திருக்கிறார். இப்போது 1420-இல் எஸ்.டபிள்யூ.ஆர். இருபதுக்கும் மேல். 1500-ஐ நோக்கி வளைகோடு சரிந்துகொண்டே போகிறது, அங்கே அவருடைய கருவியின் எல்லை முடிந்துவிடுகிறது. "டின்னுக்குள் ஊசியை நீட்டலாமா, குறுக்கலாமா?" என்கிறார்.

டின்னின் உள்விட்டம் எவ்வளவு என்று கேட்டேன். 12 செ.மீ.

ஊசியை, அதாவது டின்னுக்குள் நீட்டி அலையைப் பிடிக்கும் கம்பியை, என்ன செய்தாலும் பலன் இல்லை. வட்டக் குழாய்க்குள் அலை ஓட வேண்டுமானால் குழாய் ஓர் அளவுக்கு மேல் அகலமாக இருந்தாக வேண்டும். கணக்கு எளிது: 17.57-ஐ விட்டத்தால் (செ.மீ.) வகுத்தால் கிடைப்பது கிகாஹெர்ட்ஸில் அந்தக் குழாயின் கீழெல்லை. 12 செ.மீ. டின்னுக்கு 1.464. உங்கள் ஹைட்ரஜன் 1.420. வாசற்படிக்கு வெளியே நிற்கிறது, உள்ளே வரவே முடியாது. 1500 பக்கம் வளைகோடு சரிவதும் இதனால்தான்: டின் அங்கேதான் கதவைத் திறக்கிறது.

12.5 செ.மீ. டின் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதன் எல்லை 1.406. உள்ளே வரும், ஆனால் நிலைப்படியில் தலை இடிக்கும். 15 செ.மீ.க்குச் சற்று மேலே போங்கள். நான் தகரக் கடையில் ஜிஐ ஷீட்டைச் சுருட்டி 15.2 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளத்தில் செய்து வாங்கினேன். புனல் செய்பவர் அவர். "அடியை மூடிய புனல் எதற்கு ஐயா?" என்றார். நட்சத்திரம் பார்க்க என்றேன். காசை முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

ஊசி பின்சுவரிலிருந்து 5.3 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், கால் அலைநீளம்.

ஜனவரி 12

திருத்தம். நேற்றைய கடைசி வரியை நம்பி யாரும் துளை போட்டுவிடவில்லையே?

5.3 செ.மீ. என்பது வெளியில், காற்றில் ஓடும் அலையின் கால் பங்கு. குழாய்க்குள் அலை நீண்டுவிடும். 15.2 செ.மீ. குழாயில் 1420-இன் அலைநீளம் 21 இல்லை, 36.4 செ.மீ. அதில் கால் பங்கு 9.1. ஊசி பின்சுவரிலிருந்து 9.1 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஊசியின் நீளம்தான் ஐந்தரை செ.மீ.யில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வர வேண்டியது. இரண்டையும் குழப்பிவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டு மைக்ரோவேவ் கோபுரங்களில் ஏறி இறங்கியவன் எழுதுகிற எழுத்தா இது என்று ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார். அந்தக் கோபுரங்களில் ஃபீடைத் தொழிற்சாலை செய்து அனுப்பும். நாங்கள் போல்ட்தான் முறுக்கினோம்.

ஊசியைக் குறைப்பது ஒரு சுகமான வேலை. இரண்டரை மில்லிமீட்டர் செப்புக் கம்பியை இணைப்பியின் நடு ஊசியில் பற்றவைத்தேன், 55 மி.மீ. திரையில் பள்ளம் (அலை மிகக் குறைவாகத் திரும்பும் இடம்) 1300 அருகே விழுந்தது. அரத்தால் ஒரு தேய்ப்பு, கருவியில் ஒரு பார்வை. ஒரு மில்லிமீட்டர் போனால் பள்ளம் 25 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஏறுகிறது. கடைசி அரை மில்லிமீட்டருக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். 50.5 மி.மீ.யில் 1420-இல் நின்றது. எஸ்11 27 டெசிபெல். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "பள்ளத்தைக் காட்டிச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான் அப்பா" என்று பதில் வந்தது.

ஜனவரி 14, பொங்கல்

ஊரே சூரியனுக்குப் பானை வைத்தது. நான் டிஷ் வைத்தேன்.

எஸ்11 ஃபீட் தனியாக 27, டிஷ்ஷில் மாட்டிய பிறகு 16 (ஏன் இறங்கியது என்பதைத் தனியாக எழுத வேண்டும், எனக்கே முதலில் வயிறு கலங்கியது). 16 போதும். திரும்பிப் போவது இரண்டரை சதவீதம். ஆண்டெனா உண்மையிலேயே கேட்கிறதா என்று பார்க்கச் சூரியனைவிட மலிவான கருவி இல்லை. மதுரையில் இன்று சூரியன் உச்சியைக் கடப்பது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.26-க்கு. அந்த இடத்துக்கு முன்கூட்டியே டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டுத் தொடாமல் உட்கார்ந்தால், சூரியன் தானே உள்ளே வந்து தானே வெளியே போகும். வெறும் வானத்துக்கும் சூரியனுக்கும் இரைச்சல் எத்தனை டெசிபெல் வேறுபடுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

நான் போட்ட கணக்கு: 1.8 மீட்டர் டிஷ், 55 சதவீதத் திறன், அமைப்பின் மொத்த இரைச்சல், வெப்பநிலைக் கணக்கில், 130 கெல்வின். அமைதியான சூரியன் அதன்மேல் ஏறத்தாழ 300 கெல்வின் கூட்டும். ஐந்து டெசிபெல்லாவது வர வேண்டும்.

வந்தது 2.6.

எஸ்11 மறுபடி பார்த்தேன். 16. கேபிள், எல்என்ஏ, பயாஸ், எல்லாம் சரி. சர்க்கரைப் பொங்கல் ஆறிவிட்டது.

ஜனவரி 15

கண்டுபிடித்துவிட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஃபீடைத் தாங்கும் கவ்வியின் திருகு தளர்ந்து, குழாய் டிஷ்ஷை நோக்கிச் சரிந்திருக்கிறது. எவ்வளவு? ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 20 செ.மீ. கீழேயிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஏணி போட்டு அளவுக்கோல் வைத்தபோதுதான் தெரிந்தது.

குவியத் தூரத்தை நான் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். விளிம்புக்கு விளிம்பு நூல் கட்டி, நடுவில் ஆழம் பார்த்தால் 29.5 செ.மீ. விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் 68.6. குழாயின் வாய் அங்கே இருக்க வேண்டும். சொல்லப்போனால் குவியம் வாய்க்குச் சற்றே உள்ளே விழ வேண்டும். குழாயோ 48-இல் இருந்தது.

இழுத்து மாட்டி இன்று மறுபடி சூரியனை விட்டேன். 5.1 டெசிபெல். பாதி உயரத்துக்கு ஏறியது முதல் பாதிக்கு இறங்கியது வரை 36 நிமிடம். இந்த மாதம் சூரியன் மணிக்கு 14 பாகை நகர்கிறது, ஆக டிஷ் பார்க்கும் கற்றை 8.4 பாகை அகலம். 1.8 மீட்டருக்கு எதிர்பார்க்க வேண்டியது 8.2. என் அளவுக்கோலுக்கு இதற்குமேல் ஆசைப்படக் கூடாது.

தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஃபீட் 20 செ.மீ. தள்ளிப் போயிருந்தபோது எஸ்11 16. சரியான இடத்துக்கு வந்தபோது எஸ்11 16. அந்தக் கருவியிடம் எத்தனை அலை திரும்பி வந்தது என்றுதான் கேட்டோம், அதற்கு அது ஒழுங்காகப் பதில் சொன்னது. திரும்பாதது எங்கே போனது, வானத்துக்கா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கா என்று அதற்குத் தெரியாது. இரண்டு ரூபாய் ஐம்பது ஓம் மின்தடை எந்த ஆண்டெனாவையும்விட அழகான எஸ்11 காட்டும். அதை வைத்துக்கொண்டு பால்வழியைப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஜனவரி 16

டிஷ்ஷை எனக்கு விற்ற கேபிள் டிவிக்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன். சூரியனை வைத்து டிஷ் சோதித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "வருடத்துக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும், செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும். பத்து நிமிடம் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகிவிடும். எந்த டிஷ்ஷில் அதிக நேரம் படம் வரவில்லையோ, அது ஒழுங்காகத் திருப்பாத டிஷ் என்று எங்களுக்குத் தெரியும்" என்றார்.

சரியா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். சரிதான். ஏற்கெனவே நலிந்த சிக்னலைக் கெடுக்கச் சூரியன் பக்கத்தில் வந்தாலே போதும். விஎன்ஏ என்ற சொல்லையே கேட்டிராதவர் அவர்.

ஜனவரி 18

27 ஏன் 16 ஆனது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஃபீடைத் தனியாக வானத்தை நோக்கிப் பிடித்தால், போனது போனதுதான். டிஷ்ஷுக்கு முன்னால் மாட்டினால், டிஷ்ஷின் நடுப்பகுதி ஒரு கண்ணாடி மாதிரி கொஞ்சத்தை நேராக ஃபீடின் வாய்க்கே திருப்பி அனுப்பும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஃபீடின் ஆதாயம் (அலையை ஒரே திசையில் குவிக்கும் அளவு) 8 டெசிபெல், தூரம் 69 செ.மீ. என்றால் திரும்புவது மைனஸ் 16 டெசிபெல் அளவில். ஃபீடை எவ்வளவு மெருகேற்றினாலும் டிஷ்ஷில் மாட்டியதும் இந்தத் தளத்துக்குக் கீழே போவது அதிர்ஷ்டம்தான்.

அகலமாக வருடிப் பார்த்தால் இது ஓர் அலையாகத் தெரியும். ஏறும், இறங்கும், 217 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை. ஒளிவேகத்தைக் குவியத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள், அதே எண் வரும். அந்த அலையின் பள்ளம் எங்கே விழுகிறது என்பது ஃபீடை ஓரிரு செ.மீ. நகர்த்தினாலே மாறிவிடும். ஆகவே மாட்டிய பிறகு எஸ்11 அழகாகும்வரை ஃபீடை முன்னும் பின்னும் நகர்த்துகிறவர்களே, நீங்கள் குவியத்தைத் தேடவில்லை. அலையின் பள்ளத்தைத் தேடுகிறீர்கள். அது குவியத்திலிருந்து எவ்வளவு தள்ளியும் கிடைக்கும்.

நான் செய்வது இதுதான்: ஊசியின் நீளத்தை ஃபீடைத் தனியாக வைத்து முடித்துவிடுவது. டிஷ்ஷில் மாட்டிய பிறகு ஊசியைத் தொடுவதில்லை. இடத்தை அளவுக்கோலும் சூரியனும் சொல்லட்டும். 10 டெசிபெல் எஸ்11 இருந்தாலே இழப்பு 0.46 டெசிபெல்தான், 16 இருந்தால் 0.11. இதைக் குறைக்க இரவு பகலாக அரம் தேய்ப்பது தலைவலிக்கு மோதிரம் வாங்குவது மாதிரி.

ஜனவரி 19

"ஃபீடை அறைக்குள் கட்டிலில் நிமிர்த்தி வைத்து அளந்தேன், எண் நிற்காமல் ஆடுகிறது, கருவி பழுதா?" என்று இன்னொருவர்.

மேலே மின்விசிறி ஓடுகிறதா?

ஜனவரி 19, பத்து நிமிடம் கழித்து

ஓடுகிறதாம்.

ஜனவரி 21

அளவுதிருத்தம் பற்றிக் கேள்விகள் குவிகின்றன. மூன்று விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

முதலில் வருடும் வீச்சை அமைத்துவிட்டு அப்புறம் அளவுதிருத்தம் செய்யவும். பழைய நானோவிஎன்ஏவில் ஒரு வருடலுக்கு 101 புள்ளிகள். அடியிலிருந்து 1500 வரை முழுக்க வருடினால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 15 மெகாஹெர்ட்ஸ். குறுகலான பள்ளம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போகும். 1320 முதல் 1520 என்று சுருக்கினால் 2 மெகாஹெர்ட்ஸ். (உங்கள் கருவி 1500-இல் முடிந்தால் 1300 முதல் 1500.)

திறந்தது, குறுக்கிணைப்பு, சுமை, இந்த மூன்று அளவுதிருத்த முனைகளையும் கருவியின் வாயில் மாட்டாமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் குட்டிக் கேபிளின் நுனியில் மாட்டவும். கேபிளின் பாவம் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

மூன்றாவதைச் சொல்ல நினைத்தது மறந்துவிட்டது. வந்தால் எழுதுகிறேன்.

ஜனவரி 26

அடுத்த யோசனை. ஆதாயத்தையே நேராக அளந்தால் என்ன? எஸ்21 (ஒரு முனையில் அனுப்பியதில் மறுமுனைக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கு) இருக்கிறதே. எதிர்வரிசையில் நண்பரின் மாடி, நடுவே 31 மீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வரும் தூரமும் ஏறத்தாழ அதுவே, ஆக டிஷ்ஷுக்கு அங்கிருந்து வருவது சமதள அலைதான். அங்கே ஒரு சிறு ஆண்டெனா, இங்கே டிஷ், நடுவே விஎன்ஏ. நாளை கேபிள் இழுக்கிறேன்.

ஜனவரி 27

இழுக்கவில்லை. இரண்டு காரணம்.

ஒன்று, கணக்கு உதைக்கிறது. 31 மீட்டர் வெளியில் இழப்பு 65 டெசிபெல். டிஷ் 26, எதிரே ஃபீட் 8 திருப்பிக் கொடுத்தாலும் மைனஸ் 31. முப்பது மீட்டர் ஆர்ஜி-58-இன் 24-ஐச் சேர்த்தால் மைனஸ் 55. இந்தக் குட்டிக் கருவி 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் சொந்தக் குரலில் பாடுகிறது. அதற்குமேல் மூன்றாம் சுரம், 900-ஐத் தாண்டினால் ஐந்தாம் சுரம். 1420-இல் அது உண்மையில் 284-இல் பாடிக்கொண்டிருக்கிறது, நாம் அதன் ஐந்தாவது மடங்கைக் கேட்கிறோம். அங்கே அதன் வீச்சு 40 டெசிபெல்தான். மைனஸ் 55 அதன் காதில் விழாது. 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் புதிய வகைக் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு, என்னிடம் அது இல்லை.

இரண்டாவது காரணம் நண்பர் சொன்னது, எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுவதும் எவரும் எதையும் அனுப்பக் கூடாது என்று சர்வதேச வானொலி விதிகள் சொல்கின்றன. ஹைட்ரஜனைக் கேட்பவர்களுக்காகவும் ஒதுக்கிய அமைதி அது. அமைதியை அளக்க அதிலேயே கத்துவதா?

எஸ்11 அளக்கும்போதும் டின்னின் வாய் வழியாகத் துளித்துளி போகத்தானே செய்கிறது என்று யாராவது கேட்பீர்கள். போகிறது. டிஷ்ஷை நேரே வானத்துக்குத் திருப்பி, பத்து நொடியில் முடித்துவிட்டு, குற்ற உணர்ச்சியோடு கீழே இறங்கிவிடுகிறேன்.

ஜனவரி 28

ஒருவர் வலை டிஷ்ஷில் ஓட்டை, நசுக்கல், துரு என்று படம் போட்டிருக்கிறார். அலைநீளம் 21 செ.மீ. ஐயா. ஓட்டை 2 செ.மீ.க்குள் இருந்தால் அலைக்கு அது சுவர்தான். மேற்பரப்பு சராசரியாக அரை செ.மீ. கோணலாக இருந்தாலும் போவது 0.4 டெசிபெல். ஊட்டியில் முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு நிற்கும் வானொலித் தொலைநோக்கியின் பிரதிபலிப்பானில் தகடே கிடையாது. 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது கேட்பது 92 செ.மீ. அலை, அதனால் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி கட்டுப்படியாகிறது. நீங்கள் நசுக்கலைத் தட்டி நிமிர்த்தப் போய் வலையைக் கிழித்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 2

ஜனவரி 21-இல் மறந்த மூன்றாவது விஷயம் இன்று என்னைக் கடித்தது.

பழைய வைஃபை ரவுட்டரிலிருந்து கழற்றிய குட்டிக் கேபிளை மாட்டி அளந்தேன். முழுப் பிரதிபலிப்பு. ஃபீடைக் கழற்றினேன், ஊசியைச் சுரண்டினேன், பற்றவைப்பைப் புதுப்பித்தேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கேபிளின் நடுவிலும் துளை, ஃபீடின் நடுவிலும் துளை. ஊசியே இல்லை. வைஃபை சாதனங்களில் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ இணைப்பி, சாதாரண எஸ்எம்ஏவோடு மரை அப்படியே பொருந்தும், நடு ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். திருகிய திருகு இறுகி உட்கார்ந்தது, உள்ளே இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை.

மாட்டும் முன் நடுவில் எட்டிப் பாருங்கள். அதுதான் மூன்றாவது.

பிப்ரவரி 15, இரவு 11

வந்துவிட்டது.

டிஷ்ஷை நேர் உச்சிக்கு நிமிர்த்தி வைத்துவிட்டேன். மதுரையின் உச்சி ஏறத்தாழ 10 பாகை வடக்கு நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை). பால்வழி அந்த இடத்தை ஒரு நாளில் இரு முறை கடக்கிறது. இந்த வாரத்தில் முதலாவது இரவு 9.15 வாக்கில், ஒற்றைக்கொம்பன் விண்மீன் கூட்டத்தின் வழியாக. எட்டரைக்குத் திரையில் தட்டையான இரைச்சல். ஒன்பதுக்கு 1420.4 அருகே ஒரு சின்ன வீக்கம். ஒவ்வொரு வரியும் ஐந்து நிமிடச் சராசரி. ஒன்பதே காலுக்குச் சந்தேகமே இல்லை, ஒரு டெசிபெல் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மழுங்கிய திமில். பத்தரைக்கு அடங்கிவிட்டது.

1951 மார்ச் 25-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் முதன்முதலாக இதைப் பார்த்தது ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒட்டுப்பலகைக் கொம்பு ஆண்டெனாவில், உள்ளே செப்புத் தகடு ஒட்டி. மழை பெய்தால் தண்ணீர் கொம்பு வழியாக ஆய்வகத்துக்குள் ஊற்றுமாம். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஆர்ஜி-6 நுழைகிற ஜன்னலைச் சாத்த முடியாததால் கொசு மட்டும் வருகிறது.

பிப்ரவரி 16

காலை 9.45-க்கு மறுமுறை, இம்முறை கழுகு விண்மீன் கூட்டம். பட்டப்பகல், தலைக்குமேல் வெயில், ஹைட்ரஜனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நேற்று ஒற்றைத் திமில், இன்று பக்கத்தில் இன்னொன்றும் தோளோடு தோள் உரசி நிற்கிறது. வேறு வேகத்தில் ஓடும் மேகம். நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் விலகும்.

காரைக்குடித் தம்பியும் எழுதியிருக்கிறார். 15 செ.மீ. டின்னுக்கு மாறி, எல்என்ஏவை மேலே ஏற்றிவிட்டார். எஸ்11 வெறும் 11 டெசிபெல்தான், அதைச் சரிசெய்த பிறகு சூரியனைப் பார்க்கலாமா என்று கேட்கிறார். நாளைக்கே பாருங்கள். 12.31-க்கு உச்சி, மதுரைக்கு நான் போட்ட கணக்கு, உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னே.

பிப்ரவரி 17

தம்பிக்கு 4.4 டெசிபெல். பழைய எல்என்ஏதான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 9

மூன்று வாரமாக டிஷ் உச்சியைப் பார்த்தபடியே இருந்தது, ஃபீடின் வாய் கீழே கவிழ்ந்தபடி. இன்று சூரியனை விடலாம் என்று போனால் எண்ணில் கொஞ்சம் சோர்வு. கடமைக்கு எஸ்11 பார்த்தேன். பள்ளம் 1420-இல் இல்லை. 1370-க்கு இறங்கியிருக்கிறது, 1420-இல் 9 டெசிபெல்.

ஏணி போட்டு டின்னுக்குள் டார்ச் அடித்தால், ஊசியின் அடியில், அரத்தால் அரை மில்லிமீட்டருக்கு அரை மணி நேரம் செலவிட்ட அதே ஊசியில், குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருக்கிறது. இன்னும் ஈரம். கருவியைப் பற்றி ஜனவரியில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேற்றுவரை இருந்த எண் இன்று மாறினால் ஏணி போடு என்று அது சொல்கிறது, அந்த வேலைக்கு அதைவிட்டால் ஆளில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறப்போனபோது மனைவி கீழே நின்று தடுத்துவிட்டார். மகள் ஆறாம் மாதம். இந்த நேரத்தில் வீட்டில் குளவி கூடு கட்டுவது நல்லதாம், கலைக்கக் கூடாதாம். 9 டெசிபெல் என்றால் திரும்பிப் போவது 13 சதவீதம்தான், இழப்பு 0.6 டெசிபெல் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் கலைக்கவே தேவையில்லையே என்கிறார்.